வாசகர் கேள்வி – பதில்: வேலை நாட்களில் ஜென் தியானம்

பௌத்தத்தின் ஒரு பிரிவான ஜென் மரபின் தியானத்தை அன்றாடம் கடைப்பிடிப்பது எப்படி என்று கேட்டுத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி இங்கே வெளியிடுகிறோம். பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் நேரமில்லை என்றுதான் தொடங்குகின்றன. இது நம் காலத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. ஜப்பானில் ஜென்னின் சோட்டோ மரபை நிலைநாட்டிய குரு டோகென் 1231-ஆம் ஆண்டில் எழுதிய ‘பெந்தோவா’ என்னும் நூலின் பெரும்பகுதி கேள்வி-பதில் வடிவில் அமைந்தது. துறவிகளுக்கு வேறு அலுவல் இல்லை, குடும்பத்திலும் தொழிலிலும் மூழ்கிக் கிடக்கும் இல்லறத்தார் இதை எப்படிப் பயில முடியும் என்று அதிலும் ஒருவர் கேட்கிறார். அரசாங்க அலுவல்களால் ஓய்வொழிச்சல் இல்லாதிருந்த சீனத்துத் தாங் பேரரசர்களும் அமைச்சர்களுமே அமர்ந்து பயின்றார்களே என்று எடுத்துக்காட்டும் டோகென், இது மனத்தில் நாட்டம் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததே தவிர, வீட்டில் இருக்கிறோமா மடத்தில் இருக்கிறோமா என்பதைப் பொறுத்தது அன்று என்று விடை தருகிறார். நாட்டம் இருந்தும் வழி தெரியாமல் எழுதியவர்களுக்கே இப்பதில்கள்.

கேள்வி (ஆசிரியை, மன்னார்குடி): நாலே முக்காலுக்கு எழுந்தால்தான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, நால்வருக்கு மதியச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு, ஏழே முக்காலுக்குத் திருவாரூர் பேருந்தைப் பிடிக்க முடிகிறது. இரவு பத்து மணிக்கு மேல் தியானத்துக்கு உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதுமா?

பதில்: போதாது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருபவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாளாகவே இருக்கும். கால் மரத்துப்போகும், பாதி நேரம் கடந்ததுமே இன்னும் எவ்வளவு பாக்கி என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். நாள்தோறும் பத்து நிமிடம் உட்காருபவருக்குச் சில வாரங்களில் உடம்பே அந்த இருக்கையைத் தேடும். இரவுப் பத்து மணி என்பதையும் கைவிட்டுவிடுங்கள். விடியற்காலையிலிருந்து ஓடிய உடம்பு அந்நேரத்தில் கேட்பது உறக்கத்தை. அதைக் கொடுப்பதே முறை.

நாள் முழுவதும் பிறருக்குக் கொடுத்தது போக மிச்சமாகும் நேரத்தில் உட்காரலாம் என்று நினைப்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். குடும்பப் பெண்களுக்கு மிச்சம் என்று ஒன்று விழுவதே இல்லை. ஆகவே நேரத்தைத் தேடாமல், ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு அமர்வைக் கட்டிவிட வேண்டும். கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் ஃபில்டரில் காப்பிப் பொடியைப் போட்டுக் கொதிநீர் ஊற்றுவீர்கள் அல்லவா? டிகாஷன் இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் உங்களுடையது. ஜென் மடங்களில் கடிகாரம் வருவதற்கு முன்பு ஊதுபத்தி எரிந்து முடியும் நேரமே ஓர் அமர்வின் அளவாக இருந்தது. சோட்டோ மரபில் அது ஏறத்தாழ 40 நிமிடம், ஜென்னின் மற்றொரு பிரிவான ரின்சாய் மடங்கள் பலவற்றில் 25 நிமிடம் அளவு. உங்கள் வீட்டில் அந்த வேலையை ஃபில்டர் பார்த்துக்கொள்ளட்டும். இறங்கிவிட்டதா என்று நடுவில் எழுந்துபோய் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமானால் கைப்பேசியில் அலாரம் வைத்து அதை அடுத்த அறையில் விட்டுவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் பாலை உங்கள் கணவர் காய்ச்சலாம். அதைக் கேட்பதற்கு எந்த ஜென் குருவின் அனுமதியும் தேவையில்லை.

உட்காரும் முறையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தரையில் ஜமக்காளத்தையோ தடித்த போர்வையையோ மடித்துப் போட்டு, அதன்மேல் உயரமான, எளிதில் அமுங்காத ஒரு திண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் இதற்கென்று வைத்திருக்கும் வட்டத் திண்டிலும் வழக்கமாக அடைப்பது இலவம்பஞ்சுதான் என்பதால், கடைத்தெருவில் மெத்தை தைப்பவரிடம் சொன்னால் அரை நாளில் தைத்துக் கொடுத்துவிடுவார். திண்டின் முன்பாதியில் அமர்ந்தால் இடுப்பு சற்று முன்சாய்ந்து, முழங்கால்கள் இரண்டும் தரையைத் தொடும். காதுகள் தோள்களுக்கு நேராகவும், மூக்கு தொப்புளுக்கு நேராகவும், நாக்கு மேலண்ணத்தைத் தொட்டும் இருக்க வேண்டும் என்பது டோகென் வகுத்த அளவு. வலக்கையின்மேல் இடக்கையை வைத்து, இரு கட்டைவிரல் நுனிகளும் மெல்லத் தொட்டுக்கொள்ளும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்களை மூட வேண்டாம். மூன்றடி தொலைவில் தரையைப் பார்த்தபடி பார்வையைத் தாழ்த்தி வைத்தால் போதும். தூக்கத்தைத் தடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இடையில் எண்ணிக்கை தவறினால், தவறிய இடத்தைத் தேடிக்கொண்டிராமல் ஒன்றுக்கே திரும்பிவிடுங்கள்.

மாமியார் கூப்பிட்டால் எழுந்து செல்லத்தான் வேண்டும். எழுந்துபோய் அவர் கேட்டதைச் செய்துவிட்டு, நேரம் மீதியிருந்தால் வந்து உட்காருங்கள், இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவே. அதை ஈடுகட்ட மாலையில் கூடுதலாக உட்கார வேண்டியதில்லை.

கேள்வி (ஓய்வுபெற்றவர், கும்பகோணம்): வயது 66. முழங்கால் தேய்மானம் காரணமாகச் சம்மணம் போட முடியவில்லை. பத்மாசனம் இல்லாமல் தியானம் பலிக்குமா?

பதில்: தாராளமாக நாற்காலியில் உட்காரலாம். முட்டி வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் எந்தப் பயனும் இல்லை. இளம் வயதினரிலும் பலர் பத்மாசனம் போடுவதில்லை. ஒரு காலை மடித்து அதற்கு முன்னால் மற்றொரு காலைத் தரையிலேயே வைக்கும் முறையைப் பல ஜென் கூடங்கள் ஏற்கின்றன.

நாற்காலியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். வராந்தாவில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் சாய்வு நாற்காலியும் உதவா, ஏனெனில் இரண்டும் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து முதுகைக் கூன வைத்துவிடும். கைப்பிடி இல்லாத, இருக்கை சமதளமாக உள்ள மர நாற்காலியின் முன்பாதியில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையில் முழுமையாகப் பதியுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருந்தால் இருக்கையின்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், கால் தரைக்கு எட்டாவிட்டால் பாதத்தின் அடியில் மணையை வையுங்கள். சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள். எழும்போது சட்டென்று எழாமல், உடம்பை இருபுறமும் மெல்ல அசைத்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். இந்த வயதில் மரத்துப்போன காலோடு நடக்க முயன்று விழுவதுதான் உண்மையான அபாயம்.

கேள்வி (விவசாயி, பாபநாசம் அருகே): ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அதை அறுத்ததும் தாளடி என்று மாசி வரை எனக்கு ஓய்வில்லை. தண்ணீர் முறை வந்தால் இரவு இரண்டு மணிக்கும் மடை திறக்கப் போக வேண்டும். செய்யும் வேலையையே தியானமாகச் செய்தால் போதும் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். தனியாக உட்கார வேண்டியது அவசியந்தானா?

பதில்: சொற்பொழிவாளர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதி கேட்பதற்கு வசதியாகவும் இருக்கிறது. ஜென் மரபைப் போல் உடலுழைப்பை உயர்த்திப் பிடித்த துறவு மரபுகள் குறைவு. சீனத்தில் 720 முதல் 814 வரை வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பைஜாங் என்னும் குரு, முதுமையிலும் சீடர்களோடு வயலில் இறங்கி வேலை செய்துவந்தார். இரக்கப்பட்ட சீடர்கள் ஒருநாள் அவருடைய மண்வெட்டி முதலிய கருவிகளை ஒளித்துவைக்க, அவர் அன்றைக்கு உணவைத் தொட மறுத்துவிட்டார் என்றும், வேலை செய்யாத நாள் உண்ணாத நாள் என்று சொன்னார் என்றும் மரபு கூறுகிறது. டோகெனும் மடத்துச் சமையல்காரருக்கென்றே 1237-இல் ஒரு நூல் எழுதி, அரிசி களையும்போது கல்லையும் மணலையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது வரை அதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மடங்களில் வயல்வேலை செய்தவர்களும் சமைத்தவர்களும் நாள்தோறும் உட்காரவும் செய்தார்கள். உட்காருவதை விட்டுவிட்டு வேலையை மட்டும் தியானம் என்று அழைத்த மரபு அங்கே இல்லை.

காரணம் எளிது. வேலைக்கு ஒரு குறி இருக்கிறது. நீர் கடைமடை வரை ஏற வேண்டும், களை போக வேண்டும், மூட்டை கூட வேண்டும். அந்தக் குறி இருப்பது இயல்பு, அது இல்லாமல் பயிர் செய்யவும் முடியாது. உட்காரும் நேரத்தில் மட்டும்தான் அடைய வேண்டியது எதுவும் இல்லை. அப்படி இருந்து பழகாதவர், வேலையின்போது தம் மனம் எங்கே போகிறது என்பதைக் கவனிக்கவும் மாட்டார். இரவு இரண்டு மணிக்கு மடையில் நிற்கும்போது உங்கள் காதில் விழுவது தண்ணீரின் ஓசையா, பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வாக்குவாதமா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். பின்னதுதான் என்றால் அந்த வேலை தியானம் ஆகவில்லை.

உங்களைப் போன்றவருக்குக் கடிகார நேரம் ஒத்துவராது. வயலிலிருந்து திரும்பிக் கைகால் கழுவியதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது எட்டு மணியானாலும் பதினொரு மணியானாலும் சரி, பத்து நிமிடம். இரவில் மடை திறக்கப் போன நாளில் அதுவும் வேண்டாம், வந்து படுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் உட்கார வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புத்தர் காலத்துத் துறவிகள் மழைக்காலத்தில் ஊர் சுற்றுவதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கிப் பயின்றார்கள். அந்த வழக்கமே சீனம் வழியாக ஜப்பானுக்குச் சென்று, 90 நாள் தீவிரப் பயிற்சிக் காலமாக ஜென் மடங்களில் இன்றும் நிலவுகிறது. நம் பகுதியில் மழைக்காலம் பயிர் நிற்கும் காலம், உங்களுக்கு அது வாய்க்காது. உளுந்தும் பயறும் எடுத்து முடித்த பிறகு சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஓரளவு உங்கள் கையில் இருக்கும். அப்போது அமர்வை 25 நிமிடமாக உயர்த்தி, காலையில் இரண்டு அமர்வாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே சில நிமிடம் நடப்பதைக் கின்ஹின் என்கிறார்கள். இரு கைகளையும் நெஞ்சருகே சேர்த்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கு அரை அடி என்ற கணக்கில் மிக மெதுவாக நடப்பது சோட்டோ முறை. களத்திலோ திண்ணையிலோ அதைச் செய்யுங்கள். இரவில் வரப்பின்மேல் வேண்டாம், அங்கே டார்ச் விளக்கும் பாம்பு பற்றிய எச்சரிக்கையும் இருந்தால் போதும்.

கேள்வி (ஆடுதுறை வாசகர்): பல ஆண்டுகளாகப் பிராணாயாமம் செய்கிறேன். ஜென் முறையிலும் மூச்சைக் கும்பகம் செய்ய, அதாவது உள்ளே அடக்கி வைக்க வேண்டுமா?

பதில்: கூடாது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருவாவடுதுறையில் அமர்ந்து திருமூலர் அருளியதாக மரபு சொல்லும் திருமந்திரத்தில், மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் ரேசகத்துக்கு 32 என மாத்திரைக் (நேர அளவு) கணக்கு தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. அங்கே மூச்சை ஆள்வதே பயிற்சி. ஜென் அமர்விலோ தொடக்கத்தில் ஒருமுறை ஆழமாக இழுத்து முழுமையாக வெளிவிட்ட பிறகு, மூச்சை அதன் போக்கிலேயே விட்டுவிட வேண்டும். நீண்டால் நீளட்டும், குறுகினால் குறுகட்டும். எண்ணுவதுகூட மூச்சை நெறிப்படுத்துவதற்காக அன்று, கவனம் தங்குவதற்காகவே. நீண்டநாள் பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது தொல்லையாக இருப்பது உண்டு, அவர்களை அறியாமலே கணக்கு உள்ளே ஓடத் தொடங்கிவிடும். இரண்டையும் கலக்காமல் பிராணாயாமத்தை முதலில் முடித்து, சற்று எழுந்து நடந்துவிட்டுப் பிறகு உட்காருங்கள். எதையும் விட வேண்டியதில்லை.

கேள்வி (ஜவுளி வியாபாரி, திருவாரூர்): மூன்று மாதமாகக் கடை திறக்கும் முன் இருபது நிமிடம் உட்காருகிறேன். மனம் அடங்கவில்லை. கொள்முதல் பாக்கி, தீபாவளிச் சரக்கு என்று முன்பைவிட அதிக எண்ணங்கள் வருகின்றன. பலன் எப்போது தெரியும்?

பதில்: எண்ணங்கள் கூடியதாகத் தோன்றுவதற்குக் காரணம், முன்பு நீங்கள் அவற்றைப் பார்த்ததில்லை என்பதே. நாள் முழுவதும் வாடிக்கையாளர் பேச்சிலும் கைப்பேசியிலும் மறைந்து கிடந்தவை, சும்மா உட்கார்ந்ததும் வெளியே தெரிகின்றன. அவற்றை விரட்டுவது ஜென் பயிற்சியில் சேர்ந்தது அன்று. கொள்முதல் பாக்கி நினைவுக்கு வந்தால் வரட்டும், அதற்கு வட்டி கணக்கிடத் தொடங்கிவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் மூச்சு எண்ணிக்கையின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். இருபது நிமிடத்தில் ஐம்பது முறை திரும்ப நேர்ந்தாலும் குறையில்லை. திரும்புவதுதான் பயிற்சி, எண்ணமின்றி இருப்பது அன்று. இதில் தம்மைத் தாமே கடிந்துகொள்பவர்கள் ஒரு எண்ணத்துக்கு மேல் இன்னோர் எண்ணத்தைச் சேர்க்கிறார்கள், வேறொன்றும் நடப்பதில்லை.

பலனைப் பற்றிச் சொல்வதென்றால், சீனத்தின் லியாங் அரசர் வூவைப் பற்றிய மரபுக் கதை ஒன்று உங்களுக்குப் பொருந்தும். பௌத்தக் கோயில்கள் பலவற்றைக் கட்டிய அவர், தமக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும் என்று, சீனத்துக்கு ஜென்னைக் கொண்டுசென்றவராகக் கருதப்படும் போதிதர்மரைக் கேட்டபோது, ஒன்றும் இல்லை என்பதே விடையாக வந்ததாம். கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் கல்லில் பெயர் பொறிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விடை சற்றுக் கசப்பானதுதான். 20-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோடோ சவாகி என்ற ஜப்பானியத் துறவியும், உட்காருவதால் ஒரு லாபமும் இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவந்தார். உட்காருவதும் அதன் பயனும் வேறுவேறு அல்ல என்பது டோகெனின் அடிப்படைக் கொள்கை. கடைப் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதுவதுபோல ஒவ்வொரு அமர்வுக்கும் இன்று இவ்வளவு அமைதி என்று வரவு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நன்றாக உட்கார்ந்த நாள், மோசமாக உட்கார்ந்த நாள் என்று பிரிக்காமல், உட்கார்ந்த நாள், உட்காராத நாள் என்று மட்டும் பிரித்தால் போதும்.

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். உறக்கமின்மையோ இன்னதென்று தெரியாத அச்சமோ வாரக்கணக்கில் நீடித்தால், அது எண்ணங்கள் வந்துபோவதிலிருந்து வேறானது. அப்போது தியானத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (வலங்கைமான் வாசகி): மார்கழியில் விடியற்காலையிலேயே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடுகிறது. எப்படி உட்காருவது?

பதில்: ஒலிபெருக்கியோடுதான். அமைதியான இடம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஓசை காதில் விழுவதைத் தடுக்க முயலாதீர்கள். பாட்டின் அடுத்த அடியைக் கூடவே பாடத் தொடங்கினால் மட்டும் எண்ணிக்கைக்குத் திரும்புங்கள். காதில் பஞ்சு அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகி): நாள் தவறாமல் நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்குச் செல்பவள் நான். ஜென் தியானம் செய்வதைக் கண்ட என் அத்தை, ‘மதம் மாறப் போகிறாயா?’ என்கிறார். என்ன சொல்வது?

பதில்: ஜென்னுக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. ஜென் பௌத்தத்தின் ஒரு பிரிவு. அதன் மடங்களில் சூத்திரம் ஓதுதலும் வணங்குதலும் அன்றாடம் நடைபெறுகின்றன. ஆயினும் சுவரைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் மூச்சை எண்ணுவதற்கு மதம் மாற வேண்டியதில்லை, அம்மனைத் தரிசிப்பதை நிறுத்த வேண்டியதும் இல்லை.

உங்கள் அத்தையிடம் நாகப்பட்டினத்தின் பழைய கதையைச் சொல்லிப் பாருங்கள். ஸ்ரீவிஜய நாட்டு அரசர் தம் தந்தை சூளாமணிவர்மரின் பெயரால் அங்கே எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே முதலாம் இராசராசன், ஏறத்தாழ 1006-ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். ஆனைமங்கலம் செப்பேடுகள் அதற்குச் சான்று. அதற்கும் பல நூற்றாண்டு முன்பு, காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்துகொண்டு புத்ததத்தர் பாலி மொழியில் நூல் எழுதினார். சிவபக்தியும் பௌத்த விகாரமும் அடுத்தடுத்து இருந்த மண் இது. நாகப்பட்டினத்து விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரம் 1867-இல் ஏசு சபையினரால் இடிக்கப்பட்டது. வரலாற்றின் வேடிக்கையைப் பாருங்கள், அதே ஏசு சபையைச் சேர்ந்த தமிழ்க் குருவான ஆமா சாமிதான் பிற்காலத்தில் ஜப்பானின் கமகுராவில் யமதா கோவுன் என்பவரிடம் பயின்று திரும்பி, நம் மாநிலத்தில் ஜென் பயிற்சிக் கூடம் ஒன்றை அமைத்தார். அத்தைக்கு இவ்வளவு வரலாறு வேண்டாம் என்றால், கோயிலுக்குப் போய்வந்த பிறகு உட்காருங்கள். அவருக்கும் மனம் ஆறும்.

கேள்வி (வங்கி ஊழியர், மயிலாடுதுறை): தஞ்சாவூருக்கு நாள்தோறும் ரயிலில் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தைத் தியானத்துக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், அதை மட்டுமே நம்பக் கூடாது. ரயிலில் ஒருநாள் இடம் கிடைக்கும், ஒருநாள் கும்பகோணம் வரை நின்றுகொண்டே போக நேரும், ஒருநாள் உடன் பயணம் செய்யும் நண்பர் கிரிக்கெட் பேசுவார். வீட்டில் பத்து நிமிடத்தை உறுதியாக்கிக்கொண்டு, ரயில் அமர்வை மேல்வரவாக வைத்துக்கொள்ளுங்கள். ஜென் முறையில் கண் திறந்தே இருப்பதால் பையும் பத்திரமாக இருக்கும், இறங்க வேண்டிய நிலையமும் தவறாது. நிற்கும் நாட்களில் இரு பாதங்களிலும் எடை சமமாக விழுவதைக் கவனித்தபடி எண்ணிக்கொண்டு வரலாம்.

மேலே குறிப்பிட்ட யமதா கோவுன் துறவி அல்லர். மனைவி மக்களோடு கமகுராவில் வாழ்ந்துகொண்டு, டோக்கியோவில் மருத்துவ நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பை வகித்தவர். அவருடைய வாழ்வின் பெரும் திருப்பமாகக் கருதப்படும் அனுபவம் 1953-இல் வாய்த்தபோது, அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ரயிலில் வீடு திரும்பும் வழியில் படித்த ஒரு வரி என்று பதிவாகியுள்ளது. ரயிலில் ஏறும் எல்லோருக்கும் அது நடக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் குருமார்களிடம் முறையாக அமர்ந்து பயின்றவர். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே அலைந்துகொண்டே ஒருவர் இந்தப் பயிற்சியின் ஆழம் வரை சென்றிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி (சீர்காழி வாசகர்): போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்தானே?

பதில்: அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று 7-ஆம் நூற்றாண்டுச் சீன ஆசிரியர் தாவோஷுவான் எழுதியிருக்கிறார். அவருக்கு முந்திய, 547-ஆம் ஆண்டை ஒட்டிய மற்றொரு சீன நூல் பாரசீகத்தவர் என்கிறது. காஞ்சி, பல்லவர் என்பவையெல்லாம் பிற்காலத்தில் பரவிய நம்பிக்கைகள். பெருமைப்படுவதில் தவறில்லை, அந்தப் பெருமையில் பத்து நிமிடம் கழிவதற்குப் பதில் உட்கார்ந்துவிடலாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்): விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வீட்டு அமர்வெல்லாம் மெதுவான வழியாகத் தோன்றுகிறது. நேரடியாக ஏழு நாள் முகாமுக்குச் சென்றுவிட்டால் என்ன?

பதில்: செஷின் என்று அழைக்கப்படும் அந்த முகாம்களில் விடியற்காலை தொடங்கி இரவு வரை, இடையிடையே நடையும் வேலையும் உணவும் வருமே தவிர, மற்ற நேரமெல்லாம் மௌனமாக உட்கார்ந்தே இருக்க வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம்கூட உட்கார்ந்து பழகாதவர் அங்கே சென்றால், முதல் இரண்டு நாளும் கால்வலியோடு போராடுவதிலேயே கழியும், மூன்றாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும். மனநலத்துக்காக மருந்து உட்கொள்பவராக இருந்தால், மருத்துவரிடமும் முகாம் நடத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லாமல் போகவே கூடாது, மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. நீண்ட மௌனம் சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டிவிடுவது உண்டு.

கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் 1996-இல் ஆமா சாமி தொடங்கிய போதி ஜென்டோ, நம் மாநிலத்திலேயே உள்ள பயிற்சிக் கூடம் என்பதால் உங்களுக்கு வசதியானது. குரு ஒருவரை நேரில் கண்டு பேசுவது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதுகு வளைவதையும் மூச்சை இறுக்குவதையும் எழுத்து திருத்தாது. ஆனால் அதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் விடுதியிலேயே உட்கார்ந்து பாருங்கள். கட்டிலின்மேல் வேண்டாம், மெத்தை அமுங்கும். தரையில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு, தலையணையை இரண்டாக மடித்து அதன்மேல் அமர்ந்து, அறைத் தோழர் எழுவதற்கு முன்னால் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, மாதம் ஐந்து நிமிடம் வீதம் கூட்டிக்கொண்டு போனால் போதும். தேர்வு வாரத்திலும் நிறுத்தாதீர்கள், பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பருவத் தேர்வு முடிந்து வரும் விடுமுறையில், தொடக்க நிலையினர் இரண்டு மூன்று நாள் தங்கிப் பழக வாய்ப்பு இருக்கிறதா என்று அங்கே கேட்டு எழுதுங்கள். ஏழு நாள் முகாம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.